பதினோராம் பக்கம்

ஓசுர்கெத்தி நூலகத்தில்
பல் பட்ட புத்தகங்களுக்குத் தனி மேசை.
கடிபட்ட நிலா, பால் குடித்த அட்டை,
ஜாம் ஒட்டிப் பிரிய மறுக்கும் இரண்டு வாத்துகள்.

அன்றைக்கு வந்தது முயல் கதை.
பத்தாம் பக்கத்தில் நான்கு முயல்கள்
கேரட் பிடுங்கிக்கொண்டிருக்கின்றன.
அடுத்தது பதின்மூன்று.
நடுவிலிருந்த ஓநாயைக் கிழித்துவிட்டான் வாஜா.
"முயலுக்குத் தெரியாதுல்ல" என்றானாம், நான்கு வயது.
தாள் எங்கே என்று
அபராதம் கட்டிய அம்மாவிடமும் சொல்லவில்லை.

நாத்தெலா அதை அப்படியே அடுக்கில் வைத்தாள்.
இரண்டு மாதம்
முயல்கள் நன்றாகத்தான் இருந்தன.

பிறகு, இப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகும் தேயா
பதின்மூன்றில் விரல் வைத்து நின்றாள்:
"க... த... வு.
கதவை ஏன் நாலு பேரும் சேர்ந்து அழுத்திப் பிடிக்கிறாங்க?
வெளியில யாரு?"

சொன்னால் ஓநாய் வந்துவிடும்.
சொல்லாவிட்டால்
ஓநாயைவிடப் பெரிதாக ஏதோ வரும்.

நாத்தெலா வெள்ளைத்தாள் ஒன்றை வெட்டி
பசை தடவி நடுவில் ஒட்டி
பென்சிலும் கொடுத்தனுப்பினாள்.

திங்களன்று புத்தகம் திரும்பியது.
தாள் வெள்ளையாகவே இருந்தது.
வலது ஓரத்தில் மட்டும்
வெளியே போய்க்கொண்டிருந்தது
ஒரு வால்.