அரை மாத்திரை

களைக்கொல்லி டின்னுக்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு.
மருந்தடித்த பூட்சைக் கால்வாயோரமே கழற்றிக்
கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன்.
அந்தத் தண்ணீரைக்கூட
போபி நக்காத இடம் பார்த்துக் கொட்டுவேன்.
செம்பனைக்கடியில் வைக்கிற எலிமருந்து,
நீலக் கட்டி,
ஒன்றுகூட என் பையில் வீடு வந்ததில்லை.
பதினாலு வருஷம்.

வியாழக்கிழமை ராத்திரி மைலோவுக்கு உடம்பு கொதித்தது.
பீடோரில் நல்ல மழை. எல்லாக் கடையும் சாத்தியாச்சு.
லோகாம்பாளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன கொடுப்பேனோ
அதையே கொடுத்தேன்.
பூனைதானே என்று
பாதியாக உடைத்து,
தேத்தண்ணிக்கு வைத்திருந்த டின்பாலில் குழைத்து,
என் விரலாலேயே.

நக்கி முடித்துவிட்டு
இன்னும் இருக்கா என்று பார்த்தது.

விடியும்போது முகம் வீங்கியிருந்தது.
ஈறு கோப்பித்தூள் நிறம்.
மழைச்சட்டைக்குள் வைத்துத் தாப்பாவுக்கு ஓட்டினேன்.
என்ன சாப்பிட்டது என்று மலாயில் கேட்டார்
டாக்டர் நோராய்னி.
எனக்குத் தெரிந்த விஷத்தின் பெயரையெல்லாம் சொல்லி,
இல்லை டாக்டர், அதெல்லாம் பூட்டியிருக்கு,
இதோ பாருங்கள் என்று
சாவியைக்கூட எடுத்துக் காட்டினேன்.
பனடோல் கடைசியில்தான் வாயில் வந்தது.
அவர் பேனாவைக் கீழே வைத்தார்.
அரைதான் டாக்டர், என்றேன்.
அரை.

போபி இன்னும் அந்தத் தட்டுப் பக்கம் போவதில்லை.

அலமாரி மேல் பிஸ்கட் டின் ஒன்று.
அதற்கும் பூட்டு.
உள்ளே அட்டையில் ஒன்பதரை மாத்திரை.
லோகாம்பாள் தலைவலி என்றால்
என்னிடம் சாவி கேட்கிறாள்.
எழுந்து போய்
நானே எண்ணித் தருகிறேன்.