இழுத்தால் வராத இழுப்பறை

பிரேமனில் எங்கள் தெருவுக்கு
மார்ச் மாதத்து இரண்டாம் செவ்வாய்
பெரிய குப்பைக்கான நாள்.
திங்கள் இரவே வீடுகள் வயிற்றைத் திறந்து
நடைபாதையில் வைத்துவிடும்:
மூன்று கால் நாற்காலி,
யாரோ நெடுநாள் படுத்துப் பள்ளம் விழுந்த மெத்தை,
பேசாத வானொலி.

முதலில் மழை வந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும்.
பிறகு இரும்பு பொறுக்கும் வேன்காரர்கள்.
பிறகு நான்,
இரவுப்பணி முடிந்து, மிதிவண்டியில்,
கையில் இன்னும் மருத்துவமனைச் சோப்பு வாசனையோடு.

"வீடு காலி, அதான் உன் கண் அலைகிறது, வீப்கே"
என்றாள் கூட வேலைசெய்யும் குட்ரூன்.
உண்மைதான்.
ஹாயோ போனபோது அலமாரிகளை எடுத்துக்கொண்டு
அவற்றுள் இருந்ததை எனக்கு விட்டுப்போனான்.
மூன்று மாதம் என் தட்டுகள் தரையில்,
சட்டைகள் தரையில்,
ஒரு காலுறையைத் தேட
மண்டியிட வேண்டியிருந்தது.

அதனால் ஏணியை எடுத்துவந்தேன்.
இரண்டு படி இல்லை.
ஏறுவதற்குத்தானே படி வேண்டும்,
ஈரத் துண்டு காய மிச்சமிருப்பவை போதும்.
பீட்ரூட் ஊறுகாய்ப் புட்டிகளின் மூடிகளை
ஒரு பலகையின் அடிப்பக்கம் ஆணியடித்தேன்;
புட்டியைத் திருகி மாட்டினால்
பொத்தான்கள் அந்தரத்தில் தொங்கும்.
பூட்டு உடைந்த பெட்டிக்குள்
குளிர்காலம் முழுவதும் அடங்கியது,
கட்டிலுக்கு அடியில்.
பால்கேனில் குடைகளை வைத்தேன். அது ஒழுகியது.
குடைக்கு ஒழுகினால் என்ன?

பிறகு அந்த இழுப்பறை.
பதினேழாம் எண் வீட்டு வாசலில்,
மேசை இல்லாமல், கைப்பிடி இல்லாமல்,
மழைத்தண்ணீர் இரண்டு விரற்கடை தேங்கி.
கவிழ்த்துத் துடைத்தபோது தெரிந்தது
உள்ளே, அடிப்பலகையில்,
சிவப்பு மெழுகுக்குச்சியால் ஒரு குழந்தை வரைந்த படகு.
நேராக நிறுத்திச் சுவரில் அறைந்தேன்.
குறுக்கே இரண்டு சட்டம்.
மேல்தட்டில் மிளகும் லவங்கப்பட்டையும்.
படகு ஓட வேண்டுமே என்று
அதன் கீழே
நீலக் கோப்பைகளை மட்டும் வரிசையாக வைத்தேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை
பதினேழாம் எண் ஓனோ ஹார்ம்ஸ் மணி அடித்தார்.
அவர் இல்லாதபோது தபால்காரர்
அவருடைய பொட்டலத்தை என்னிடம் தந்திருந்தார்.
எடுத்துவர நான் உள்ளே திரும்பினேன்,
அவர் சமையலறை வாசலில் நின்றுவிட்டார்.
கை தானாக எழுந்தது.
கைப்பிடி இருந்த இடத்தில், காற்றில்,
பிடித்து இழுத்தார்.

"இடப்பக்கம் கொஞ்சம் தூக்கணும்,
இல்லாட்டி சிக்கும்."

எனக்குக் காது சுட்டது.
கழற்றித் தருகிறேன் என்றேன்.
வேண்டாம் வேண்டாம் என்றார்,
குனிந்து, கோப்பைகளுக்கு மேலே பார்த்தபடி.

"நல்ல படகு" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே.
"படகா?
அது இஸ்திரிப்பெட்டி.
என் தங்கை டோமா வரைந்தது.
வரைந்த அன்றைக்கு
முதுகில் நாலு வாங்கினாள்."
சிரித்தார். சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை,
எனக்கும் தொற்றியது.
பொட்டலத்தை மறந்துவிட்டுப் போனார்.

மறுநாள் வந்து அதை வாங்கிக்கொண்டு
சட்டைப்பையிலிருந்து
ஒரு பித்தளைக் கைப்பிடியை எடுத்துத் தந்தார்.
"இது மட்டும் வீட்டிலேயே கிடந்தது.
எதற்கு வைத்திருந்தேன் என்று தெரியவில்லை."

இழுப்பறையில் அதற்கு இனி வேலையில்லை.
கதவருகே சுவரில் திருகினேன்,
மிதிவண்டிச் சாவி மாட்ட.
கோப்பைகளை இடம் மாற்றவில்லை.
இஸ்திரிப்பெட்டியும் கடலில் போகட்டும்.

கைப்பிடியை இழுத்தால்
சுவர் திறக்காது, தெரியும்.
இருந்தாலும் வேலைக்குக் கிளம்பும் நேரம்
ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்,
இடப்பக்கம் கொஞ்சம் தூக்கி.