வரையாத கை

முப்பத்தோரு வயதில் முதலாமாண்டு.
பக்கத்து நாற்காலியில் அஃபுல், பத்தொன்பது,
கோட்டின் வரையறையை
மூன்று வண்ண மையில் எழுதுகிறாள்.
நகரும் புள்ளியின் தடமாம்.
வின்னேபா கடற்கரையில்
பாதிப் படகுகளின் விலாவில் ஓடுவது
என் கோடுதான்.
வரையறை தெரியாமலே
பன்னிரண்டு வருஷம் எனக்குச் சோறு போட்டது.

தேர்வில் கேட்டார்கள், கோடு என்றால் என்ன?
ஐந்து மதிப்பெண்.
எனக்கு இரண்டு.

பலகை எழுதுகிறவனுக்குப் பட்டம் எதுக்குடா
என்றான் என் கூட்டாளி க்வெகூ,
டர்பன்டைனில் தூரிகையை அலசியபடி.
மாசம் பிறந்தால் சம்பளம், என்றேன்.
அது பாதிப் பொய்.
மீதியை எனக்கே நான் இன்னும் சொல்லவில்லை.

குழந்தை உளவியல் காலை ஏழு மணிக்கு.
மதிப்பீட்டு முறைகள், மதியம்,
தகரக் கூரை காயும் நேரம்.
களிமண் வகுப்பில் மட்டும் தூக்கம் வராது.
மூன்றாமாண்டில் ஒரு பையன்
ஆட்டுக்கு ஐந்து கால் போட்டான்.
அவன் கையைப் பிடித்து, என்னை அறியாமல்,
அழகான ஆடு ஒன்றை முடித்துவிட்டேன்.
குறிப்பேட்டில் சிவப்பாக ஒரே வரி:
இது யாருடைய படம்?

அன்றிலிருந்து சட்டைப்பையில் கை.
நான் நினைத்து வந்தது வேறு.
இங்கே கட்டணம் கட்டிப் படிப்பது
வரையாமல் இருப்பதை.

நான்காமாண்டு, பயிற்சி.
மீன் புகைபோடும் கொட்டகைகளுக்குப் பின்னால் பள்ளி.
நாற்பத்தெட்டுப் பிள்ளைகள்,
பதினொரு கிரேயான்,
அதில் வெள்ளை மூன்று.
பாடத்திட்டத்தில் நான் எழுதியிருந்தேன்:
மாணவர் வண்ணச் சக்கரம் வரைவர்.

பெஞ்சுகளை ஓரங்கட்டினோம்.
நான்கு வாளித் தண்ணீர்.
சிமெண்ட் தரை காய்ந்தால் சாம்பல், நனைந்தால் கரி.
விரலால், மக்காச்சோளத் தக்கையால்,
செருப்பின் நுனியால் வரைந்தார்கள்.
கடைசி பெஞ்சில் திருமதி க்வான்சா
மதிப்பீட்டுத் தாளையே விசிறியாக்கி உட்கார்ந்திருந்தார்.

பாப்பா யாவ்சன் ஒரு படகு வரைந்தான்.
வாழைப்பழம் மாதிரிப் படகு.
ஆட்கள் எல்லாம் படகுக்கு வெளியே,
படுத்துக் கிடக்கிறார்கள்.
என் கை நமநமவென்றது.
ஒரே இழுப்பு, ஒரே ஒரு இழுப்பு,
அணியம் நிமிர்ந்துவிடும்.
பையில் கிடந்த சாக்பீஸ்
இரண்டாக ஒடிந்தது.

ஏன்டா எல்லாரும் வெளியே?

படகைக் கரைக்கு இழுக்கிறாங்க, சார்.
இன்னும் கயிறு போடலை.

விரலை நனைக்க வாளிக்கு ஓடினான்.
வரிசையில் அவனுக்கு முன்னே ஆறு பேர்.
ஜன்னல் வழி ஹார்மட்டான் காற்று.
அவன் திரும்பி வருவதற்குள்
முதலில் ஆட்கள் போனார்கள்,
பிறகு படகு.
சொட்டும் விரலோடு நின்றான்,
கயிற்றை எங்கே கட்டுவது என்று தெரியாமல்.

மணி அடித்தது.
திருமதி க்வான்சா எழுந்து வந்தார்.
தரை, வெறும் தரை.
மாணவர் படைப்புகள், சான்று இணைக்கவும்,
என்றது தாள்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் பிள்ளைகளின் முழங்கால்களைப் பார்த்தேன்,
எல்லாம் ஈரம்.
நேர மேலாண்மை: பலவீனம், என்று எழுதினார்.
கீழே இன்னொரு வரி எழுதி, அடித்து,
அடித்ததன் மேல் மறுபடி அடித்தார்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும்
எனக்குப் படிக்க வரவில்லை.

சனிக்கிழமை சந்தை முனையில்
சலூன் பலகை ஒன்று, நூற்றிருபது சீடி.
தலை முடிந்தது, காது முடிந்தது,
எழுத்து பாக்கி.
கடைக்காரரின் மகள், ஐந்து வயதிருக்கும்,
ஏணியடியில் நின்றுகொண்டே இருந்தாள்.
பலகையை இறக்கித் தூரிகையைக் கொடுத்தேன்.
கையைப் பையில் போட்டுக்கொண்டேன்.
முதல் எழுத்தைத் திருப்பிப் போட்டாள்,
கண்ணாடிக்குள் இருந்து எழுதினாற்போல.

இருபது சீடி பிடித்துக்கொண்டார் அவள் அப்பா.
சண்டை போட்டேன், பத்து திரும்பி வந்தது.
எழுத்து அப்படியே இருக்கிறது,
ட்ரோட்ரோ திரும்பும்போது
இடது பக்கம் பாருங்கள்.