ஒரு பக்கம் மட்டும்

மூக்கின் கீழே குளிர்ந்த தகடொன்றைப் பிடித்து
மூச்சு விடச் சொன்னார் டாக்டர் எஷ்பாகர்.
வலப்பக்கம் ஐந்து ஃபிராங்க் நாணயம் அளவுக்கு ஆவி படிந்தது.
இடப்பக்கம்
தகடு தகடாகவே இருந்தது.

எவ்வளவு நாளாக என்று நான் தமிழில் கேட்டேன்.
அதுதான் என் வேலை.
பெர்னில் ஓர் ஆஸ்பத்திரியில், மணிக்கணக்குக் கூலிக்கு
இரண்டு மொழிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது.
"தடிமன் எண்டு நினைச்சன்," என்றார் தர்மகுலசிங்கம்.
ஹோட்டல் விரிப்புகள் வெளுக்கும் லாண்டரியில் இருக்கிறார்.
"ரெண்டு வருசம். இந்தப் பக்கம் மட்டும்."

'மட்டும்' என்பதைச் சொல்லி முடித்ததும்
டாக்டரின் பேனா நின்றது.
தடிமன் இரண்டு துளையையும் அடைக்கும்,
வசந்தத்துப் பூந்தூளும் பாரபட்சம் பார்க்காது.
ஒரு பக்கம் மட்டும் என்றால்
உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள்.

ஈர்க்குப் போன்ற கமெரா போனது.
திரையில் இளஞ்சிவப்புக் குகை, ஈரச் சுவர்,
வளைவு திரும்பியதும்
சாம்பல் பூத்த முசுக்கட்டைப் பழம்போல் ஒன்று.
தன் மூக்குக்குள் தானே எட்டிப் பார்த்த மனிதர்
வாயால் மூச்சு விட்டார்.

"எப்பிடி வந்தது? லாண்டரிப் புழுக்கமோ?
சிகரெட்டை விட்டுப் பதினொரு வருசம்."
வைரஸாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.
டாக்டர் தோளை உயர்த்தினார்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை, அவரே பார்த்துக்கொண்டார்.

ஏன் என்று தெரியாது. எங்கே என்று தெரியும்:
ஸ்கேன் படத்தில், கன்னத்து எலும்பறையின் உட்சுவரில்
ஓரிடம் தடித்து வெள்ளையாக நின்றது,
பழைய ஆணியைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியதுபோல.
அங்கேதான் வேர்.

ஒரு துணுக்கைக் கிள்ளிக் குப்பியில் போட்டார்கள்.
பன்னிரண்டு நாள்.
இடையில் நாலு தடவை எனக்கு ஃபோன் செய்தார்.
விதிப்படி நான் பேசக்கூடாது. பேசினேன்,
மழையைப் பற்றி.

பிறகு டாக்டர் ஒரு சொல் சொன்னார்: கூட்ஆர்ட்டிக்.
நல்ல குணம், நல்ல வகை, நல்ல சாதி...
கடைசிச் சொல் நாக்குவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.
'தீங்கில்லாத' என்று தொடங்குவதற்குள்
அவர் அடுத்த வாக்கியத்தில் இருந்தார்:
எலும்பைச் சுரண்டி அடியோடு எடுக்காவிட்டால்
திரும்ப முளைக்கும். நூற்றில் சிலது
குணமும் மாறும்.

தீங்கில்லாததை ஏன் அடியோடு எடுப்பது?
அவர் கேட்பார்.
அதற்கு முன் எனக்கு ஒரு விநாடி வேண்டும்.

"புற்று இல்லை," என்றேன்.
டாக்டர் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.
ஒன்பது வருடத்தில் முதல் முறையாக
சொல்லாததைச் சொன்னேன்.

தர்மகுலசிங்கம் கண்ணாடியைக் கழற்றி
வாயால் ஊதி
சட்டை நுனியால் துடைத்தார், நெடுநேரம்.
"திரும்ப வருமோ எண்டு கேளுங்கோ."

அதை ஒரு சொல் பிசகாமல் கேட்டேன்.