மஞ்சள் கோடு வரை

கடையை அடைத்துவிட்டு உன் படிவத்தைத் திறக்கிறேன், ஜெபர்லின்.
களியக்காவிளையில் ஒன்பதரை.
உனக்கு ஐந்து மணி. டூட்டிக்குக் கிளம்பும்முன் பதில் போடு.

ஆறு மாத வங்கிக் கணக்கு வந்தது.
முதியோர் இல்லத்தின் கடிதம் வந்தது.
அனிஷ்மா எழுதிய அழைப்பில் கையெழுத்து இல்லை, திரும்ப வாங்கு.
அயர்லாந்துக்குத் திரும்பி வருவாய் என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம்.
உன் வாடகை ஒப்பந்தத்தை இணைத்தேன்.
நீ திரும்பி வருவதற்கு
என்னிடம் யாரும் ஆதாரம் தந்ததில்லை.

டண்டாக்கிலிருந்து நியூரிக்கு இருபது கிலோமீட்டர்,
நாம் நாகர்கோவில் போகிற தூரம்கூடக் கிடையாது.
அங்கே உன் தங்கச்சி, அவள் மடியில் இரண்டு மாதப் பிள்ளை.
நடுவில் வேறொரு ராஜ்ஜியம்.
கைரேகை வைக்க நீ டப்ளின் போகவேண்டும்,
எண்பத்தைந்து கிலோமீட்டர், எதிர்த்திசையில்.
வடக்கே போக அனுமதி தெற்கே இருக்கிறது.
பிறகு மூன்று வாரம் பாஸ்போர்ட் அவர்கள் கையில்,
அதற்குள் பிள்ளை குப்புற விழுந்துவிடும்.

பத்து வருடத்தில் போய்வந்த நாடுகள்?
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.
நம் ஜெராக்ஸ் கடை தமிழ்நாடு, சாயாக்கடை கேரளா.
தினம் இரண்டு வேளை போகிறேன்,
கண்ணாடி டம்ளரோடு இங்கே வந்து நின்று குடிக்கிறேன்.
டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போதுகூட
எதையும் கடந்ததாகத் தோன்றாது.

உன்னோடு வேலை செய்யும் புனலூர்க்காரி சொன்னாளாமே,
பஸ்ஸில் ஏறு, கேட்டும் இல்லை கேள்வியும் இல்லை என்று.
நீ சொன்னாய்:
கேட்காத இடத்தில்தான் எனக்குப் பயம்.
மார்ச்சில் அட்டை புதுப்பிக்கணும்,
என்றாவது ஒருநாள் கேட்டுவிட்டால்?

நான் பதில் சொல்லவில்லை.
வரைபடத்தைப் பெரிதாக்கினேன்.

எல்லை ஒரு சாம்பல் புள்ளிக்கோடு.
யாரோ ஒருவருடைய மாட்டுத்தொழுவத்தை இரண்டாக்கிக்கொண்டு
ஆற்றில் இறங்கி மறுபடி ஏறுகிறது.
பெரிய ரோட்டை விடு. கிழக்கே ஒரு சின்ன ரோடு.
ஓரத்து மஞ்சள் கோடு ஓர் இடத்தில் வெள்ளையாகிறது,
கிலோமீட்டர் பலகை மைலாகிறது.
பக்கத்தில் மூடிப்போன பெட்ரோல் பங்க்,
கூரை இருக்கிறது, மழைக்கு ஒதுங்கலாம்.

ஞாயிறு. நீ டாக்ஸியில் மஞ்சள் கோடு வரை.
அனிஷ்மாவும் மாப்பிள்ளையும் வெள்ளைக் கோடு வரை.
யாரும் யாருடைய நாட்டுக்கும் வரவேண்டாம்.

கொரோனாவில் நம் ஊடுவழியெல்லாம் மண்ணடித்து அடைத்தார்களே,
நீ பாறசாலை ஆஸ்பத்திரியில், அந்தப்பக்கம்.
மண்மேட்டில் மீன்குழம்புத் தூக்குவாளியை வைத்துவிட்டு
பத்தடி பின்னால் போய் நின்றேன்.
நீ வந்து எடுத்தாய். மாஸ்க்குக்குள் என்னவோ சொன்னாய்.
என்னவென்று இன்னும் கேட்கவில்லை.

அதே மாதிரிதான் இதுவும்.
ஆனால் பிள்ளையை ரோட்டில் வைத்துவிட்டு விலக முடியாது,
கைக்குக் கை கொடுக்கணும்.
கொடுத்தால் அது நாடு கடக்கும்,
ரேகை இன்னும் தெளியாத விரல்களோடு.
எந்தப் பக்கத்திலும் தேடிவிட்டேன்,
பெரியம்மாவின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்று
விதி எதுவும் இல்லை.

படிவத்தை அனுப்பிவிட்டேன், அது வருகிறபோது வரட்டும்.
குடை எடு.
டாக்ஸியைத் திருப்பி அனுப்பாதே, அங்கே வேறு வண்டி கிடைக்காது.
முந்திரிக்கொத்து டப்பாவில் பாதியை அவளுக்குக் கொடு.
பிள்ளை கைக்கு வந்ததும் வீடியோ போடு.
கடைக்குள் டவர் எடுக்காது,
நான் சாயாக்கடைப் பக்கம் வந்து நிற்கிறேன்.