நாற்பது ஏக்கர்

கையெழுத்துப் போட்டதும் பேனாவைச்
சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தான் ஆரின் லெப்பனென்.
வங்கியின் பேனா.
மேலாளர் பார்த்தார், கேட்கவில்லை.

வட மிச்சிகனில் நாற்பது ஏக்கர், பாதி சீடார்ச் சதுப்பு.
மேட்டில் ஒரு பரண்.
சாவேஜ் ரைபிள், இறைச்சி அரைக்கிற எந்திரம்,
உறைபெட்டி, உள்ளே போன வருஷத்துத் தொடை ஒன்று,
எல்லாம் எனக்கு.
அவனுக்கு அலாஸ்காவில் பதினோரு நாள்,
வழிகாட்டி ஒருவன், சின்ன விமானம்,
ஒரேயொரு வெள்ளைக் கிடாவுக்கான அனுமதிச் சீட்டு.

வாசலில் வைத்துச் சொன்னேன்,
முப்பத்தெட்டு நவம்பர், ஆரின்.
"அதெல்லாம் தின்றாயிற்று, ஆர்டிஸ்.
மிச்சமிருப்பதைத்தான் விற்கிறேன்.
முட்டியைக் கேட்டால் ஆறு என்கிறது,
டாக்டரைக் கேட்டால் நாலு."
நான் மாடு வாங்கி விற்பவள்.
கிழட்டு மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல்
அந்தக் கணக்கைப் பார்த்தேன்.
சரியாகத்தான் இருந்தது.
இருந்தும் இரவு இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடித்தேன்.

காகித ஆலையின் இரவுப் பணியாட்கள் பந்தயம் கட்டினார்கள்,
வெறுங்கையோடு வருவான் என்று இருபது டாலர்.
அவன் தம்பி வெண்டல் பேச்சையே நிறுத்திவிட்டான்.
முதல் நாள் காலை ஒருவன் வீட்டில் இருப்பதா?
ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகாதது வேறு,
இது வேறு.

*

ஆகஸ்ட் கடைசியில் திரும்பினான்.
பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை.
பால் கறக்கும் நேரத்துக்குத் தொழுவத்துக்கு வந்து
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.

ஒன்பது நாள் மூடுபனி.
கூடாரத் துணியைத் தவிர எதையும் பார்க்கவில்லை.
பத்தாம் நாள், பாலாடையை விரலால் ஒதுக்குவதுபோல்
யாரோ ஒதுக்க,
எதிர் மலையின் விளிம்பில் ஏழு கிடாக்கள்.
பெரியது படுத்திருந்தது,
கொம்பு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி கண்ணருகே வந்து,
அசைபோட்டபடி.
"இதோ, இவளைப்போலவே" என்று
என் நான்காம் பசுவின் முதுகில் தட்டினான்.

படுத்திருக்கையில் சுடாதே என்றானாம் வழிகாட்டி.
அது எழக் காத்திருந்தார்கள்,
நாலு மணி நேரம், கல்லில் வயிறு பதிய.
"முதல் ஒரு மணி நேரம் எழுந்திரு, எழுந்திரு என்றேன்.
அப்புறம்..."
கறவைக் குழாய் கழன்று சீறியது. மாட்டினேன்.
"அப்புறம், எழுந்துவிடாதே என்று வேண்டிக்கொண்டேன்."

எழுந்ததா?
"எழுந்தது."

வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனான்.
கொம்பைப் பார்க்க வா என்று அழைக்கவில்லை.

*

நவம்பர் பதினைந்து.
இருட்டோடு ஏறினேன். பரணின் பலகை
அவன் இடுப்புக்குத் தேய்ந்திருந்தது,
என் இடுப்பு அதில் பொருந்தவில்லை.
கைப்பிடிக் கட்டையில் கத்திக் கீறல்கள்,
மான் விழுந்த வருஷம் நெடுக்காக,
விழாத வருஷம் குறுக்காக.
ஒன்று மட்டும் பாதியில் நின்றிருந்தது.
அந்த வருஷம் என்ன நடந்ததென்று
பத்திரத்தில் எழுதவில்லை.

ஏழு பத்துக்கு ஒரு பிணை வந்தது,
சதுப்பை விட்டு முதலில் காதை மட்டும் நீட்டி.
எனக்கு உறைபெட்டி நிரம்ப வேண்டும்.
சுட்டேன்.

இறங்கி, ரத்தத்தின் பின்னால் நடந்து, கண்டுபிடித்து,
சீட்டில் தேதி குறிக்கப் பைகளைத் துழாவும்போது
எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான்,
ஆரஞ்சு உடுப்பில், துப்பாக்கி இல்லாமல்.
"என் சாவேஜ் சத்தம். சமையலறை வரை கேட்டது.
இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கும், சொல்ல மறந்துட்டேன்."
தெரிந்தது, என்றேன். உள்ளே வா.

வந்தான். பிணையின் காதை ஒரு முறை மடித்து விட்டான்,
அவ்வளவுதான்.
பிறகு சட்டைப் பையிலிருந்து வங்கிப் பேனாவை எடுத்தான்.
மை உறைந்திருந்தது.
வாயில் வைத்துச் சூடாக்கிவிட்டு
என்னிடம் நீட்டினான்.