சுழியும் பத்தும்

நாகலூர் ஏறும் வழியில்
பச்சை வலைக் கூடாரத்துக்குள்
அறுபது தொட்டி பாலக்கீரை.
என் வேலை, பனி விலகுமுன்
தொட்டிக்கு ஓர் இலை ஸ்கேல் வைத்து அளந்து
பெர்பெத்துவாவின் நோட்டில் எழுதுவது.
நாளுக்கு நானூறு கூலி.

அவள் தூத்துக்குடிக்காரி.
உப்பளத்துக்கு அடுத்த தெரு.
வந்த அன்று, இருபது கொண்டை ஊசி வளைவும்
வயிற்றில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்க,
"உங்க ஊர்க் காத்துல ருசியே இல்லக்கா" என்றாள்.
காற்றுக்கு என்ன ருசி?

பிறகு விளங்கியது.
அயோடின் கடல் சரக்கு.
மலை மண்ணில் கிடந்த கொஞ்சத்தையும்
வருசம் தப்பாமல் மழை அரித்து
திருமணிமுத்தாற்றிடம் தர,
அது காவிரியிடம் தர,
கடலிலேயே போய்ச் சேர்கிறது.
"அப்ப கடல்தான் நமக்குக் கடன்" என்றேன்.
சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள்,
இலை நீளத்துக்கான கட்டத்தில்.

என் கழுத்தில் ஒரு கோடு உண்டு,
சங்கிலி கிடக்க வேண்டிய இடத்தில்.
கோலிக்குண்டளவு என்று நான் நினைத்திருந்ததை
சேலம் பெரியாஸ்பத்திரியில் எடுத்துவிட்டு
கொய்யாக்காய் என்றார்கள்.
அன்றிலிருந்து விடிந்ததும்
வெறும் வயிற்றில் வெள்ளை மாத்திரை.
பெர்பெத்துவா கோட்டைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
சுழி, பத்து, இருபது, நாற்பது, எண்பது
என்று அட்டை எழுதித் தொட்டிகளில் குத்தினாள்.

வேர் குடிக்கும்.
தண்ணீர் ஏறும் குழாயிலேயே இதுவும் ஏறி
இலையில் போய் நின்றுவிடும்.
திரும்பி இறங்க அதற்கு அவ்வளவாய் வழி தெரியாது.
கத்தரி, தக்காளி என்றால்
காய்க்கு வந்து சேர்வது சொற்பம்.
அதனால்தான் கீரை.

எண்பதின் ஓரம் ஒரு வாரத்தில் கருகியது,
அடுப்புப் பொறி பட்ட சேலை முந்தி மாதிரி.
நாற்பது மஞ்சளித்துக் குட்டையாய் நின்றது.
இருபது ஒரு நாள் தேறும், மறுநாள் துவளும்.
சுழி பதினாலு புள்ளி இரண்டு.
பத்து பதினாலு புள்ளி மூன்று.
"பத்துல ஒண்ணுமே நடக்கலியே."
"நடக்கக் கூடாதுக்கா. அதுதான் வேணும்.
உள்ள வந்தது செடிக்கே தெரியாம இருக்கணும்."

ஐப்பசியில் ஓர் இரவு வலை கிழிந்தது.
நானும் வெள்ளச்சியும் டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
அறுபது தொட்டியையும்
காபி குடோனுக்குள் தூக்கினோம்.
எதன் பக்கத்தில் எது என்று பார்க்க
மழை விடவில்லை.
காலையில் அட்டைகள் வெறும் நீலக் கறை.

கருகியது எண்பது, மஞ்சள் நாற்பது,
துவண்டது இருபது.
மிச்சம் இருபத்துநாலு தொட்டி,
எல்லாம் ஒரே பச்சை, ஒரே உயரம்.
பெர்பெத்துவா சாக்கு மேல் உட்கார்ந்துவிட்டாள்.
குற்றம் என்னுடையது.
ஒவ்வொன்றிலும் நகத்தளவு கிள்ளி
நாக்கில் வைத்துப் பார்த்தேன்,
நான் போயிராத கடலை
எப்படிக் கண்டுபிடிப்பேன் என்ற நினைப்பே இல்லாமல்.
"என்னக்கா தெரியுது?"
"கீரை."
அவள் சிரித்தாள்.
சிரிப்பு நிற்காமல் போய்க் கண்ணில் முடிந்தது.

தொட்டிக்கு இரண்டு இலை
காகித உறையில் கோயம்புத்தூர் போனது.
எது எது என்று அங்கே மிஷின் சொல்லும்,
ஒரு மாதமாகும்.
மீதியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

இருபத்துநாலையும் ஒரே சட்டியில் கடைந்தேன்.
பூண்டும் மிளகும்தான் மணத்தன.
எனக்கு இனி அது போய்ச் சேர இடமில்லை,
மாத்திரை இருக்கிறது.
மகள் மட்டும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள்.
எந்தக் கரண்டியில் சுழி, எந்தக் கரண்டியில் பத்து?

அவள் தொண்டை
ஏறி இறங்குவதையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.